பூட்ஸுக்குள் இருந்த மணல்

புதுச்சேரி கடற்கரையில் அப்போது மணல் கிடையாது. கறுப்புப் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள், அலை வந்து அதன்மேல் அடித்துவிட்டுப் போகும். வெளியூர்க்காரர்கள் வந்து, "பீச்சுன்னாங்க, மணலையே காணோமே" என்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான். "வேல முடிஞ்சி பீச்சுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய பூட்ஸை நகர்த்திவிட்டுப் பெருக்கினேன். உள்ளேயிருந்து மணல் கொட்டியது. ஒரு சிட்டிகை என்றால் காற்றில் வந்தது என்று விட்டிருப்பேன். கை நிறைய இருந்தது.

சுனாமி வந்துபோய் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் பிறந்தது பிள்ளைச்சாவடி, அவர் பிறந்தது வீராம்பட்டினம். ரெண்டுமே மீன் பிடிக்கிற ஊர். கல்யாணம் ஆன கையோடு அவருக்கு டவுனில் வேலை கிடைத்தது, நெல்லித்தோப்பில் குடியேறிவிட்டோம். அந்த அலைக்கு அப்புறம் ரெண்டு பேருமே மணலில் கால் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. அப்படிப்பட்ட மனிதரின் பூட்ஸில் மணல் இருக்கிறதென்றால் எங்கே போகிறார்? எதற்குப் போகிறார்? போனதை ஏன் மறைக்கிறார்?

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆள் இல்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். கடைக்காரர் அழுகின தக்காளியைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வாய் பேசாததையெல்லாம் மனசு பேசும். என் மனசுக்கு வாய் ரொம்ப நீளம்.

அவருக்கு ஒரு சொல்தா வீட்டில் கேட்டில் நிற்கிற வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தன் வாசலில் நிற்கிறவனும் பட்டாளத்துக்காரன் மாதிரிதான் நிற்கவேண்டும் என்று அந்தப் பெரியவர் தன்னுடைய பழைய தோல் பூட்ஸை இவருக்குக் கொடுத்திருந்தார். அடி பிரிந்தபோது இவர் அதைச் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து ஆணி அடித்து வாங்கிக்கொண்டார். அந்த பூட்ஸில் நடக்கும்போது அவருக்கே ஒரு மிடுக்கு வந்துவிடும். அதெல்லாம் பழைய கதை. புதிதாக நடந்தது வேறு.

வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றுவார், சாக்ஸைக் கழற்ற மாட்டார். சித்திரை மாசம், ஓடு கொதிக்கிறது, இவர் சாக்ஸோடு உட்கார்ந்து சோறு தின்கிறார்.

"ஏங்க, வேர்க்கலியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"காலு சில்லுனு இருக்கு."

அவ்வளவுதான் பதில். குளிக்கப் போகும்போது ஒரு சாக்ஸ், வரும்போது வேறு சாக்ஸ். கழற்றியதை அவரே துவைத்துப் பிழிந்து காயப்போட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்தவரில்லை. அப்புறம் ஓடிகோலன். சொல்தா வீட்டம்மா கொடுத்தார்களாம், பாதி பாட்டில். தினமும் பூசிக்கொண்டார். அறுபதைத் தாண்டிய மனிதருக்கு எதற்கு வாசனை? சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ராத்திரியில் கொல்லைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை நேரம் கழித்து வருகிறார் என்று பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

எதிர்வீட்டுக்காரிதான் எனக்கு இருந்த ஒரே கூட்டு. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள், ஆனால் அடுத்தவர் கதை என்றால் பூசையை விட்டுவிட்டும் வருவாள். மணலைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"சாக்ஸு, சென்ட்டு, மெலிஞ்சிபோறது" என்று விரலை மடக்கினாள். "யக்கா, இது காதல்தான்."

"சீ, வாயக் கழுவு. பேரன் எடுக்கற வயசு."

"வயசா? என் சித்தப்பா எழுபதுல ஓடிப்போனாரு. அது சரி, வீராம்பட்டினத்துல ஒங்க வீட்டுக்காரருக்கு யாரு இருக்காங்க?"

யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய அத்தை மகள் இருக்கிறாள். அவளைத்தான் முதலில் அவருக்குப் பேசியிருந்தார்கள். பெரியவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் வந்து பேச்சு முறிந்தது, நான் வந்தேன். அவள் வேறு ஒருவரைக் கட்டி, அவரையும் பறிகொடுத்துவிட்டு, மீன்கூடை தூக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். நல்லது கெட்டதில் பார்த்தால் "யக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். கள்ளமில்லாத சிரிப்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து பூட்ஸை எடுத்தேன். மணல் புதுசா பழசா, ஏதாவது சீட்டு கீட்டு ஒளித்து வைத்திருக்கிறாரா என்று வலது பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவினேன். சுருக்கென்று விரல் நுனியில் குத்தியது. இழுத்துக்கொண்டேன். முத்து முத்தாக ரத்தம். அடியில் அடித்த ஆணி ஒன்று மேலே கிளம்பி வந்திருக்கிறது என்று தெரிந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், "பூட்ஸுக்குள்ள ஒனக்கு என்னா வேல?" என்று கேட்பாரே? அவர் குத்துப்பட்டுக்கொண்டு நடப்பாரா, அவருக்கே தெரிந்திருக்கும், தட்டி விட்டுக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். ஒரு விரல் காபித்தூளை எடுத்து அழுத்தினேன். ரத்தம் நின்றது.

"விரல்ல என்னா?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"மீன் முள்ளு."

அவர் என்னிடம் பொய், நான் அவரிடம் பொய். ரெண்டு பேரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

என் விரலில் ரெண்டு நாள் விண்விண் என்று இருந்தது. அப்புறம் பொருக்கு கட்டி, உதிர்ந்து, கடுகளவு தழும்போடு போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை. வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போகப்போகிறேன் என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"நானும் வரேன்."

"நீ என்னாத்துக்கு அம்மன் கோயிலுக்கு?"

"யக்கா, நீங்க மட்டும் கும்பிடவா போறீங்க?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் போய் இறங்கினோம். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், உள்ளே போகவில்லை. கடலைப் பார்த்து நடந்தோம். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மணலில் கால் புதைந்தது. அலையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே போனேன். முதலில் பார்த்தவள் அவள்தான். என் முழங்கையைக் கிள்ளினாள்.

கரையில் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பேன்ட் முழங்கால்வரை சுருட்டியிருந்தது. பூட்ஸ் ரெண்டும் மணலில் கிடந்தன. கீழே அவருடைய அத்தை மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கால் அவள் மடியில் இருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்றால் எதிர்வீட்டுக்காரி கையை விடவில்லை. அவர்கள் ரெண்டு பேரும் கடலைப் பார்த்து இருந்தார்கள், எங்களைப் பார்க்கவில்லை. காற்று எங்கள் பக்கம் அடித்தது. அவர்கள் பேசுவது நன்றாகவே கேட்டது.

"மச்சான், இது ஆறுற புண்ணாத் தெரியல. போன தடவ இருந்ததுக்கு இப்ப வாய் பெருசா இருக்குது."

"நீ கண்ணாடி போட்டுப் பாரு. கடல்தண்ணியில நனச்சி நனச்சி எடுக்கறேன், ஆறாமப் போவுமா? நம்ம அப்பனுங்க எந்த டாக்டரப் பாத்தானுங்க?"

"அவங்களுக்கு எரிஞ்சிச்சு மச்சான். குதிச்சாங்க. ஒனக்கு எரியுதா?"

"எரியவே இல்லடி. அதான் சொல்றேன், உள்ள ஆறிடுச்சி."

இது என்ன கணக்கு என்று கடற்கரையில் பிறக்காதவர்களுக்குப் புரியாது. எங்களுக்குச் சின்ன வயசில் வலைக்கயிறு அறுத்தாலும், கிளிஞ்சல் கிழித்தாலும், கடலில்தான் காலை வைப்பார்கள். உப்புப் பட்டதும் உயிர் போகும். அடுத்த நாள் கொஞ்சம் குறையும். என்றைக்கு எரியவில்லையோ அன்றைக்குப் புண் ஆறிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைச்சாவடியில் நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். உள்ளங்காலில் இருக்கிற புண், அவர் கண்ணுக்குத் தெரியாது. எரிச்சலை வைத்துத்தான் பார்த்திருக்கிறார். எரியவில்லை, எனவே ஆறுகிறது.

"என்னா அண்ணே, பீச்சுக்கு வந்தீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி சத்தமாகக் கேட்டாள்.

அவர் திடுக்கிட்டுக் காலை இழுத்தார். அத்தை மகள் விடவில்லை. "யக்கா, நல்ல வேள வந்தே! நானே வூட்டுக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன். நீ என்னா நெனப்பியோன்னுதான் வரல. இத வந்து பாரு."

குனிந்து பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு பள்ளம். சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. உள்ளே மணல் ஒட்டியிருந்தது. ஓடிகோலன் வாசனையையும் மீறிக்கொண்டு ஒரு வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் கட்டிலில் கிடந்தபோது அந்த அறையில் அதே வாடைதான்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். இவ்வளவு கேட்டதே எனக்குப் பெரிசு.

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவே. அண்ணன் விரல்ல புண்ணுன்னுதான போனான். முழங்காலோட வெட்டி இல்ல அனுப்பனானுங்க?" என்று கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தக் கால் அவள் மடியில் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் புண்ணை அவள் நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள், நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அது பொறுக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி பிறகு சண்டை போடுவதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தினாள். நெல்லித்தோப்பு போகிற வழியிலேயே அவளுக்குப் பழக்கமான கன்னியர் மடத்து டிஸ்பென்சரி இருந்தது. "அங்க வெட்டுறது கிட்டுறது இல்ல, கட்டுதான் போடுவாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை.

டிஸ்பென்சரியில் வெள்ளை உடுப்பில் ஒரு சிஸ்டர் இருந்தார்கள். சிரித்த முகம். இவ்வளவு சிரிக்கிறார்களே, எதற்கு அடி போடுகிறார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றி மணலைக் கழுவினார்கள். கையுறை போட்ட விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்கள்.

"ஐயா, கண்ண மூடிக்குங்க. நான் கால்ல தொடறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். சிஸ்டர் ஒரு நைலான் இழை மாதிரி ஏதோ எடுத்துக் கட்டைவிரல் நுனியில் வைத்து வளைகிற மாதிரி அழுத்தினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விரல். சொல்லவில்லை. குதிகால். புண்ணுக்குப் பக்கத்தில். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இழை வளைகிறது, நிமிர்கிறது, வளைகிறது. அவர் நல்ல பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் தொடலியா சிஸ்டர்?" என்றார்.

எதிர்வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வலியை என்னிடம் மறைத்துவிட்டார் என்றுதான் கரையிலிருந்து கறுவிக்கொண்டு வந்தேன். மறைக்க அவரிடம் வலியே இருக்கவில்லை.

விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எக்கச்சக்கம் என்றார்கள். எத்தனை வருஷமாக இருக்கிறதோ, அது கால் நரம்பைத் தின்றுவிட்டதாம். மெலிந்தது, தண்ணீர் குடித்தது, கொல்லைக்கதவைத் திறந்து திறந்து போனது எல்லாம் அதுதானாம். நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் கவனித்திருந்தேன். ஒன்றைக்கூடச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"எது குத்திச்சு ஐயா?"

"தெரியல சிஸ்டர். ஒருநாள் சாக்ஸு நனஞ்சிருந்துச்சு. பாத்தா ரத்தம்."

"குத்தினது உள்ளயே இருக்கலாம். இல்லன்னா இன்னமும் குத்திக்கிட்டே இருக்கலாம். அது தெரியாம எத்தன கட்டு போட்டாலும் ஆறாது. யோசிச்சிச் சொல்லுங்க."

அவர் விழித்தார். அந்த அறையில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பில் எழுந்து நிற்காதவள் அங்கே எழுந்து நின்றேன்.

"பூட்ஸுல ஆணி இருக்குதுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விரலை நீட்டித் தழும்பைக் காட்டினேன். "எனக்கும் குத்திச்சு."

"மீன் முள்ளுன்னு சொன்னே?" என்றார் அவர்.

"நீங்க பீச்சுன்னு சொன்னீங்களே?"

சிஸ்டர் பூட்ஸை வாங்கி, பேனாவை உள்ளே விட்டுத் தடவினார்கள். டிக் என்று தட்டியது. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்கள். கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஆணியின் முனை பளபளவென்று இருந்தது. அவர் நடந்து நடந்து தேய்த்த பளபளப்பு. நான் லேசாகத் தொட்டதற்கே சுருக்கென்றது. அதன்மேல் உடம்பு பாரம் முழுசையும் வைத்து, கேட்டிலிருந்து வீட்டுக்கும் வீராம்பட்டினத்துக்கும் போய்வந்திருக்கிறார். ஒரே ஆணிதான். எனக்கு ஒரு வாரத்தில் உதிர்ந்துபோனது.

"நீங்க என்னா போட்டீங்கம்மா?"

"காபித்தூளு."

"அத காபிக்கு மட்டும் வச்சிக்குங்க. காயத்துக்குக் கொழாய்த்தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு, சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சாப் போதும். பழய ஆணி வேற. கையக் காட்டுங்க" என்று எனக்கும் ஒரு டிடி ஊசி போட்டார்கள். அவருக்குச் சந்தோஷம். புண் அவருடையது, ஊசி எனக்கும்.

அப்புறம் பல மாசம் அந்த டிஸ்பென்சரி வாசலில்தான் எங்கள் பொழுது போனது. எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "எலும்புல இன்னும் போகல, இனிமே போகாமப் பாத்துக்கணும்" என்றார். போனால்? அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாரம் வைக்கக்கூடாது, கடல் கூடாது, வெறுங்கால் கூடாது. கட்டுப் போடும்போது சிஸ்டர் ஓரத்து வெள்ளைத் தோலைச் சின்னக் கத்தியால் சீவி எடுப்பார்கள். வெட்டுவதில்லை என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாளே? தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அண்ணன் கால் மாதிரி ஆக்கிவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயம். கத்தியைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

"அம்மா, செத்த தோலத்தான் எடுக்கறேன். பாருங்க, ரத்தம் வருது. ரத்தம் வந்தா நல்லது."

"ரத்தம் வந்தா நல்லதா?" என்று எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன். எங்கள் ஊர்க் கணக்கெல்லாம் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. எரிந்தால் நல்லது, ரத்தம் வந்தால் நல்லது.

பள்ளம் மெல்ல மேலே வந்தது. சிவப்பானது, பிறகு ரோஸ், பிறகு புதுத்தோல். ஒருநாள் சிஸ்டர் கட்டுப் போடாமல் அனுப்பினார்கள். கால் முழுசாக வீட்டுக்கு வந்தது. அவருடைய அத்தை மகள் கேள்விப்பட்டு வஞ்சிர மீனோடு வந்தாள். "காட்டு மச்சான்" என்று உட்கார்ந்தாள். "நான் பாத்துட்டேன், ஆறிடுச்சி" என்று அவளை அடுப்பங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவள் சிரித்தாள். இந்தத் தடவை அது என்ன சிரிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சொல்தா வீட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டார்கள். பூட்ஸ் போய், மெத்தென்ற செருப்பு வந்தது. தினமும் போட்டுக்கொள்வதற்கு முன்னால் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்கவேண்டும், தினமும் அவர் காலைப் பார்க்கவேண்டும் என்று சிஸ்டர் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது பழகின வேலை. இப்போது ஒளித்துச் செய்யவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் முகம் பார்க்கிற கண்ணாடியோடு நான் வருவதைப் பார்த்ததும், "போலீஸ் வந்துட்டாங்கப்பா" என்று காலை நீட்டுவார். விரலிடுக்கெல்லாம் விலக்கிப் பார்ப்பேன். சிவப்பு உண்டா, கொப்புளம் உண்டா, மணல் உண்டா. மணல் இருந்ததில்லை. ஆனாலும் பார்ப்பேன்.

"கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வந்துக்கிட்டிருக்குது" என்றார் ஒருநாள். போன நரம்பு போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

விரலால் அவர் குதிகாலை அழுத்தினேன். "தெரியுதா?"

"தெரியுதே."

கண்ணைத் திறந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

மூடிக்கொண்டார். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தொடவே இல்லை.

"தெரியுது, தெரியுது" என்றார்.